ரஃபாவில் பெய்த ஆலங்கட்டி மழை

ரஃபா முகாம்,
6-10-1963

அன்பு மனைவி அஜீஸுன்னிசாவுக்கு சனாவுல்லா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக வந்து சேர்ந்தேன். உன் உடம்பு எப்படி, அம்மாவின் மூட்டுவலி எப்படி என்று விவரமாக எழுது.

கப்பலில் ஏறிய மூன்றாம் நாள் எனக்கு வாந்தி நின்றுவிட்டது. பொன்னுத்துரைக்குக் கரை இறங்கும்வரை நிற்கவில்லை. கடலைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தான். திண்டுக்கல் ஸ்டேஷனில் எங்களை வழியனுப்ப வந்தபோது நீ பார்த்தாயே, நெய்க்காரப்பட்டிக்காரன், அவன்தான். இரண்டு பேரையும் ஒரே பிரிவில் போட்டுவிட்டார்கள்.

இங்கே சண்டை கிடையாது. அதை முதலில் மனதில் போட்டுக்கொள். ஏழு வருஷத்துக்கு முன் நடந்த சண்டையை நிறுத்தி, இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஐக்கிய நாடுகள் சபை பல தேசத்துச் சிப்பாய்களைக் காவல் நிறுத்தியிருக்கிறது. எங்களுக்கு நீலத் தொப்பி. நான் லாரி ஓட்டுகிறேன். பாலைவனத்தில் வரிசையாக இருக்கும் காவல் சாவடிகளுக்கு அரிசி, பருப்பு, தண்ணீர் கொண்டுபோய் இறக்குவது வேலை. பொன்னுத்துரை லாரியில் என் கூடவே வருகிறான்.

மணல் என்றால் வைகை ஆற்று மணல் என்று நினைத்திருந்தேன். இது மாவு. சோற்றில் இருக்கிறது, காதில் இருக்கிறது, கடிகாரத்துக்குள்ளும் போய்விட்டது. ஆனால் கொய்யாப்பழம் கிடைக்கிறது. இங்குள்ளவர்கள் அரபு பேசுகிறார்கள். மதரசாவில் ஓதிய அரபை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் உப்பு கேட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழாத குறை. உப்பு மட்டும் கிடைக்கவில்லை.

பொன்னுத்துரை மனைவி சண்முகவள்ளி அன்று மயங்கி விழப் பார்த்தாள் அல்லவா? அவனுக்கு அதே நினைப்பு. உன்னைப் பார்க்க வந்தால் நாலு நல்ல வார்த்தை சொல். அம்மாவுக்கு என் சலாம்.

உன் சனாவுல்லா

---

பேகம்பூர், திண்டுக்கல்,
4-11-1963

அன்பு மச்சான் அவர்களுக்கு அஜீஸுன்னிசா எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். நானும் மாமியும் நல்ல சுகம். மாமிக்கு மழை வந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது, வெயில் வந்தால் விட்டுவிடுகிறது. பிரியாணிக் கடைக்கு மசாலா வறுத்து இடிக்கிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன், அவர்களை உட்கார வைத்துவிட்டேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

வள்ளி வந்தாள். பழனி ரயிலில் தனியாகவே, மடியில் நாலு தேங்காயோடு. அன்று ஸ்டேஷனில் மயங்கி வந்தது ஏன் என்று இப்போதுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. மூன்று மாதம். பொன்னுத்துரை அண்ணனுக்கு இதற்குள் கடிதம் வந்திருக்கும்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவரின் அண்ணன் நல்லுசாமிதான் கடிதங்களைப் படித்துச் சொல்கிறாராம். "முழுசாப் படிக்கிறதே இல்லீங்கக்கா. நல்லா இருக்கானாம், உன்னையும் நல்லா இருக்கச் சொன்னானாம்னு மடிச்சு வெச்சுப்போடறாருங்க. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்குது. அதுல அம்புட்டுத்தான் இருக்குமுங்களா?" என்று கேட்டாள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடலைத் திட்டிய இடம் வந்ததும் அப்படிச் சிரித்தாள். மாதம் ஒரு தடவை வருகிறேன், உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனாள்.

மச்சான், ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். தோல் ஷாப்பில் கணக்கு எழுதும் ஜமால் முகமது அண்ணன், அந்த மணலுக்கடியில் பழைய சண்டையில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் கிடக்கின்றன என்று பேப்பரில் படித்தாராம். அதைக் கேட்டதிலிருந்து மிளகாய் வறுக்கும்போதுகூட அதே நினைப்பு, கருக விட்டுவிடுகிறேன்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
அஜீஸுன்னிசா

---

ரஃபா முகாம்,
18-12-1963

அன்புள்ள அஜீஸுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் சுகத்துக்கு துஆ செய்கிறேன்.

ஜமால் அண்ணனிடம் இனி வெற்றிலை விலை மட்டும் பேசச் சொல். நாங்கள் போகும் வழிகளில் கண்ணிவெடிகளையெல்லாம் எப்போதோ எடுத்துவிட்டார்கள். வழியின் இரண்டு பக்கமும் வெள்ளை அடித்த தகர டப்பாக்களை நட்டு வைத்திருக்கிறார்கள். டப்பாவுக்கு உள்ளே போனால் பயமில்லை. நான் வழியை விட்டு ஒரு சக்கரம் இறக்குவதில்லை.

குளிரைத்தான் சொல்ல வேண்டும். பாலைவனத்தில் குளிரும் என்று யாராவது சொன்னார்களா? விடிகாலையில் லாரிக் கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கிறது. கொடைக்கானலில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இரண்டு கம்பளி போர்த்தியும் பொன்னுத்துரைக்குப் பல் தந்தியடிக்கிறது.

சந்தோஷங்களும் உண்டு. ஆரஞ்சு கூடை கூடையாக வருகிறது. பிரேசில் நாட்டுக்காரர்கள் பந்து விளையாடுவதைப் பார்க்க வேண்டும், கால் அவர்களுக்குக் கை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கடலில் குளிக்க விடுகிறார்கள். செம்படவர்கள் அப்போதே பிடித்த மீனைத் தருகிறார்கள், சுட்டுத் தின்கிறேன்.

பொன்னுத்துரை கூடாரத்துக்குப் பின்னால் பாத்தி கட்டிக் கொத்தமல்லி விதைத்திருக்கிறான். பாத்திரம் கழுவிய தண்ணீர்தான் பாய்ச்சுகிறான். முளைத்த அன்று மேஜரையே கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினான். "ஏலே, இது மணலு, இதுல எப்படிடா?" என்று கேட்டேன். "மண்ணு என்ன பண்ணும், நாமதான் பண்ணோணும்" என்கிறான். அப்பனாகப் போகிற செய்தி வந்ததிலிருந்து அவன் வாய் ஓய்வதில்லை. சாவடி சாவடியாகச் சொல்லி, யூகோஸ்லாவியாக்காரனுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. இதையெல்லாம் வள்ளிக்குப் படித்துக் காட்டு.

உன் சனாவுல்லா

---

ரஃபா முகாம்,
3-2-1964

அன்புள்ள அஜீஸுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாகப் போகிறது. நீயும் அம்மாவும் சுகம்தானே?

பொங்கலுக்கு நீ எழுதியது கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

போன மாதம் இங்கே மழை பெய்தது. இந்த ஊர்க்காரர்களே வாயைப் பிளந்தார்கள். முதலில் வானம் மஞ்சளாகியது. பிறகு கூடாரத்தின் மேல் யாரோ கல்லெறிகிற மாதிரி சத்தம். வெளியே வந்து பார்த்தால் ஆலங்கட்டி, புளியங்கொட்டை அளவில் தொடங்கி நெல்லிக்காய் அளவுக்குப் போனது. எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். பொறுக்கி, வெல்லத்தைத் தட்டிப்போட்டுத் தின்றார்கள். நான் நோன்பு, பார்த்துக்கொண்டிருந்தேன். மணல் முழுக்க வெள்ளை வெளேரென்று கிடந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அடைமழை. வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த ஓடையில் வெள்ளம் வந்து, வழியெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. இப்போது எல்லாம் வடிந்துவிட்டது. மழைக்குப் பிறகு மணலில் செடி முளைத்து, சிவப்புச் சிவப்பாகப் பூத்திருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் பூ. உன்னிடம் காட்ட ஆசை.

பொன்னுத்துரை நலம். வள்ளியின் உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்.

பெருநாளைக்குப் புதுச்சேலை எடுத்துக்கொள்.

சனாவுல்லா

---

பேகம்பூர்,
28-2-1964

அன்பு மச்சான் அவர்களுக்கு வ அலைக்கும் ஸலாம். மாமி சுகம். நானும் உடம்பில் சுகம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. சேலை எடுத்தேன், பச்சைக் கரை.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஆலங்கட்டி, வெள்ளம், பூ எல்லாம் கண்ணில் தெரிகிறது. அதில் பொன்னுத்துரை அண்ணனைத்தான் காணவில்லை. கப்பலில் வாந்தி எடுத்ததையும் கொத்தமல்லி முளைத்ததையும் எழுதிய நீங்கள், ஆலங்கட்டி மழையில் அவர் என்ன செய்தார் என்று எழுதவில்லை. 'நலம்' என்று ஒரு வார்த்தை. தாசில்தார் ஆபீஸ் காகிதத்தில் எழுதுகிற மாதிரி. உங்கள் கையெழுத்தும் மாறியிருக்கிறது, எழுத்தெல்லாம் சரிந்து கிடக்கிறது.

வள்ளி போன வாரம் வந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. பொங்கலுக்கு வந்ததுதான் கடைசிக் கடிதமாம், அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. படியில் ஏறும்போதே, "அண்ணன் கடுதாசி வந்துச்சுங்களா?" என்று கேட்டாள். படிக்க ஆரம்பித்தேன். அவருடைய பெயர் வரும், வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒற்றை வார்த்தையை அவள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் நானாகச் சேர்த்துப் படித்தேன். பொன்னுத்துரை தட்டு நிறைய ஆலங்கட்டி தின்று தொண்டை கட்டிக்கொண்டான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் எல்லோருக்கும் மீன் சுட்டதாகவும், அவன் இரண்டு துண்டு கூடக் கேட்டு வாங்கித் தின்றதாகவும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அப்படீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு, காபியைக்கூட முழுக்கக் குடிக்காமல் ரயிலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

நான் செய்தது தப்பா? அவருக்கு என்ன, மச்சான்? எனக்கு மட்டுமாவது எழுதுங்கள்.

அஜீஸுன்னிசா

---

ரஃபா முகாம்,
20-3-1964

அன்புள்ள அஜீஸுக்கு ஸலாம். நான் சுகம். அம்மாவுக்கு மூட்டுக்குத் தடவ ஒலிவ எண்ணெய் ஒரு புட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

வெயில் தொடங்கிவிட்டது. தெற்கிலிருந்து ஒரு காற்று வருகிறது, அடுப்பு வாயைத் திறந்த மாதிரி. பூவெல்லாம் இரண்டே நாளில் கருகிவிட்டது. பட்டப்பகலில் விளக்குப் போட்டு லாரி ஓட்டுகிறோம்.

பொன்னுத்துரை இப்போது இந்த முகாமில் இல்லை. வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு மேல் என்னைக் கேட்காதே அஜீஸு. நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வள்ளியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். குழந்தை பிறக்கட்டும்.

சனாவுல்லா

---

பேகம்பூர்,
10-4-1964

மச்சான் அவர்களுக்கு ஸலாம். மாமிக்கு உடம்பு பரவாயில்லை. என் சுகத்தைப் பற்றி இந்தக் கடிதத்தின் முடிவில் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

போன திங்கட்கிழமை வள்ளி மறுபடி வந்தாள். எட்டு மாத வயிற்றோடு, அந்த வெயிலில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே. தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பிறகு, "அக்கா, மாசி மாசம் படிச்சீங்களே ஒரு கடுதாசி, அத மறுக்கா படிங்க" என்றாள்.

எடுத்துவந்து படித்தேன். ஒரு தடவை சொன்ன பொய்யை மறுபடியும் அதே மாதிரி சொல்ல வேண்டுமே. தொண்டை கட்டியதைச் சொன்னேன், மீனையும் சொன்னேன்.

"மீனு தின்னாருன்னு எந்த எடத்துல எழுதியிருக்குதுங்க? தொட்டுக் காட்டுங்க."

நான் ஒரு வரியில் விரலை வைத்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் விரலையே பார்த்தாள். விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினேன்.

"அவரு பழனிக்கு வேண்டிக்கிட்டுப் போயிருக்காருங்கக்கா. திரும்பி வந்து மலையேறி முடி எறக்குற வரைக்கும் கவுச்சி தொடமாட்டாரு. பட்டினி கெடந்தாலும் தொடமாட்டாரு. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. ஊருக்குப் போற வரைக்கும் ரயில்ல நெஞ்சப் புடிச்சுக்கிட்டே போனேன். கேக்கத்தான் பயம். கேட்டா சொல்லிப்போடுவீங்களேன்னு பயம்."

நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது வள்ளி. நீ கலங்கக் கூடாதுன்னுதான் சேர்த்துச் சொன்னேன்" என்றேன். அவள் என் மேல் கோபப்படவில்லை. "ஆளு இருக்காரா இல்லையான்னு மட்டும் தெரியோணுங்கக்கா. மூத்தவரு தையில இருந்து என் மொகத்தப் பாக்கறதில்ல. கெணத்து மேட்டுல தனியா நின்னு அழுதாரு. நான் பாத்தேன். அவருகிட்டத் தனியாக் கேக்க எனக்குத் தெம்பில்ல. நீங்க கூட வாங்க" என்றாள்.

மாமியிடம் சொல்லிவிட்டு அடுத்த ரயிலிலேயே அவளுடன் நெய்க்காரப்பட்டிக்குப் போனேன். நல்லுசாமி அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"தந்தி வந்துச்சும்மா. தை மாசமே வந்துச்சு. வெடிச்சு எடது காலு போச்சு, முட்டிக்குக் கீழ. உசுருக்கு ஒண்ணுமில்ல. பூனாவுல ஆசுபத்திரியில வெச்சிருக்காங்க. புள்ளத்தாச்சிகிட்ட எப்படிச் சொல்றது?"

வள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "உசுரு இருக்குதுல்ல? உங்களுக்கு நல்லாத் தெரியுமுங்களா?" என்று கேட்டாள். தெரியும் என்று பழனி மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அப்புறம்தான் அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை.

மச்சான், நீங்கள் வாக்குக் கொடுத்ததை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெண் இரண்டு மாதம் கணவனைக் கொன்று கொன்று உயிர்ப்பித்துக்கொண்டிருந்தாள். நானும் பொய்தான் சொன்னேன், அதனால் உங்களைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்கு ஏதாவது நேர்ந்தாலும் பூ பூத்திருக்கிறது என்றுதான் எழுதுவீர்களா? இப்போது உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தால் எந்த வரியை நம்புவது என்று தெரியவில்லை. இதுதான் என் சுகம்.

அஜீஸுன்னிசா

---

ரஃபா முகாம்,
27-4-1964

என் அஜீஸுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குக் கையும் காலும் முழுசாக இருக்கின்றன. அல்லாஹ் மேல் ஆணை. தூக்கம் இல்லை, அதுவும் உண்மை.

நடந்ததை எழுதுகிறேன். மழை விட்ட மறுநாள் சாவடிக்குப் போனோம். ஓடை வடிந்து, பாறைப் பள்ளத்தில் தண்ணீர் தெளிவாகத் தேங்கிக் கிடந்தது. இங்கே எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் உப்புத் தண்ணீர். பொன்னுத்துரைக்குத் தாங்கவில்லை. "வண்டிய நிறுத்து சனா, செத்த நேரம்" என்றான். பள்ளம் வெள்ளை டப்பாவுக்கு உள்பக்கம்தான் இருந்தது. நாலு மாதமாக நாங்கள் நடக்கிற இடம். வெள்ளம் எங்கோ புதைந்து கிடந்ததைப் பெயர்த்துக்கொண்டு வந்து அங்கே போட்டிருந்தது. அது யாருக்குத் தெரியும்? தகரக் குவளையில் மொண்டு குடித்தான். இன்னொரு குவளை மொண்டுகொண்டு எழுந்து என்னைக் கூப்பிட்டான். "வாய் மட்டும் கொப்புளிச்சுக்க, நோன்பு முறியாது" என்று சொல்லிக்கொண்டே திரும்பினான். அதற்குள் சத்தம்.

நான் அவனைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடினேன். எங்கே கால் வைக்கிறேன் என்று பார்க்கவில்லை. என் இடுப்புவாரால் தொடையை இறுக்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வள்ளிக்கு எழுதாத. புள்ள பொறக்கட்டும். நீ எழுதமாட்டேன்னு சொல்லு" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தான். சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இதைவிடக் கஷ்டமானது இன்னொன்று. பூனாவிலிருந்து எனக்கு எழுதியிருக்கிறான். ஊருக்கு வரப்போவதில்லையாம். அங்கேயே ஒரு மில்லில் காவல் வேலை தேடிக்கொள்கிறானாம். ஏர் பிடிக்க முடியாதவன், கிணற்றில் இறங்க முடியாதவன், மலை ஏற முடியாதவன் அவளுக்கு எதற்கு, பிறக்கிற பிள்ளை நொண்டி மகன் என்று பெயர் எடுக்க வேண்டுமா என்று கேட்கிறான். மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. என் பேச்சு எடுபடவில்லை அஜீஸு. அவன் விலாசத்தை இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள் இரண்டு பேரும் பார்த்துச் செய்யுங்கள்.

அன்றிலிருந்து வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் எனக்குத் தொடை நடுங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

உன் சனாவுல்லா

---

நெய்க்காரப்பட்டி,
9-5-1964

அண்ணன் பொன்னுத்துரை அவர்களுக்கு, சனாவுல்லாவின் மனைவி அஜீஸுன்னிசா வணக்கம் சொல்லிக்கொள்வது. உங்கள் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே உள்ளது வள்ளி சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஏனுங்க, நான் வள்ளி பேசறேனுங்க. இங்க எல்லாரும் சொகம். நீங்க சொகமான்னு கேக்க மாட்டேன். எனக்குத்தான் தெரியுமே.

காலு போனது எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னா அது பொய்யிங்க. ரெண்டு நாளு சோறு எறங்குல. அந்தக் காலு வரப்புல நடந்தது, என் கூடத் தேருக்கு வந்தது. அதுக்கு நான் அழுதாச்சு. அழுது முடிச்சாச்சு. ஆனா நீங்க ஊருக்கு வரமாட்டேன்னு எழுதினீங்களாமே, அதுக்கு நான் இன்னும் அழுவுல. அதுக்குக் கோவந்தான் வருது.

ஏரு புடிக்க உங்கண்ணன் இருக்காரு. தண்ணி பாய்ச்ச நான் இருக்கேன். கொத்தமல்லிக்குப் பாத்தி கட்ட எத்தன காலு வேணும்? உக்காந்துக்கிட்டே கட்டலாம். மலையேற முடியலைன்னா அடிவாரத்துல முடி எறக்கிக்கலாம். சாமி எறங்கி வந்து கேக்கப் போறதில்ல.

நொண்டி மகன்னு சொல்லுவாங்கன்னு சொன்னீங்களாம். அப்பன் இல்லாத புள்ளைன்னு சொன்னா அது நல்லா இருக்குமுங்களா? யோசிச்சுப் பாக்க வேண்டாமா?

இன்னொண்ணுங்க. நீங்க வரலைன்னா நான் வருவேன். புள்ள பொறந்து நாப்பதாம் நாளு தூக்கிக்கிட்டுக் கெளம்பிருவேன். எனக்கு அந்த ஊரு பாசை தெரியாது. ரயிலு மாறத் தெரியாது. பச்சப் புள்ளையோட நான் எங்கியாச்சும் தொலஞ்சு போனா அப்புறம் நீங்கதான் தேடோணும்.

அக்கா கேக்கறாங்க, வேற என்ன எழுதன்னு. வேற ஒண்ணுமில்ல. வெள்ளச்சி கன்னு போட்டிருக்குது. வாங்க.

---

பூனா, ராணுவ ஆஸ்பத்திரி,
11-6-1964

அன்புள்ள சகோதரி அஜீஸுன்னிசா அவர்களுக்கு பொன்னுத்துரை வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? அண்ணன் கொடுத்த தந்தி வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று இருந்தது. உண்மைதானா? எனக்கு இப்போது நலம் என்று யார் எழுதினாலும் பயமாக இருக்கிறது. நான் செய்த காரியத்துக்கு எனக்கு இது வேண்டியதுதான்.

வள்ளி சொன்னதை எழுதியிருந்தீர்கள். படிக்கும்போது அவள் குரலே கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் மராட்டிக்காரர், ஏன் சிரிக்கிறாய், ஏன் அழுகிறாய் என்று கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது?

கட்டையும் தோலுமாக ஒரு கால் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் விழுகிறேன். கழற்றினால் ரணமாக இருக்கிறது. அவள் இதைப் பார்க்கும்போது முகம் எப்படிப் போகும் என்று நினைத்தால் கை கால் ஓடவில்லை. இருந்தாலும் வருகிறேன். ஜூலைக் கடைசியில் விடுகிறேன் என்று டாக்டர் சொன்னார். அவளைக் கிளம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் சொன்னால் செய்வாள், அதுதான் எனக்குப் பயம்.

பொன்னுத்துரை

---

பேகம்பூர்,
27-7-1964

அன்பு மச்சான் அவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். மாமி சுகம். நானும் சுகம், நம்பலாம். உங்கள் தொடை நடுக்கம் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். குறையாவிட்டால் குறையவில்லை என்றே எழுதுங்கள். எனக்கு அதுதான் தைரியம்.

நேற்றுக் காலை பொன்னுத்துரை அண்ணன் வந்து சேர்ந்தார். மெட்ராஸ் வண்டியில் இங்கே இறங்கி, பழனி ரயிலில் மாறிப் போவதாக ஏற்பாடு. வள்ளி, குழந்தை, நல்லுசாமி அண்ணன், நான் நாலு பேரும் ஸ்டேஷனில் நின்றோம். வண்டி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவரைக் காணவில்லை. வரவில்லை என்று நல்லுசாமி அண்ணனே முடிவு கட்டிவிட்டார். வள்ளி மட்டும் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் பெட்டி வாசலில் இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பாதி ஆளாகியிருக்கிறார். கூட்டம் போன பிறகு இறங்கலாம் என்று நின்றாரா, இறங்காமலே மதுரைக்குப் போய்விடலாம் என்று நின்றாரா, எனக்குத் தெரியாது.

நல்லுசாமி அண்ணன் ஓடிப்போய்த் தாங்கப் பார்த்தார். "விடுங்க, அவரே எறங்குவாரு" என்றாள் வள்ளி. இறங்கினார். கட்டைக் கால் முதலில் தரையில் பட்ட சத்தத்துக்கு நான் ஓர் அடி பின்வாங்கினேன். அவள் அசையவில்லை.

இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். பத்து மாதம் ஆயிற்று. என்ன பேசிக்கொள்வார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெயிலு சாஸ்தியா இருக்குதல்ல?" என்றார் அவர்.

"ஆமாங்க. ஆடி பொறந்தும் மழையக் காணோம்" என்றாள் இவள்.

அவ்வளவுதான். பிறகு குழந்தையை நீட்டினாள்.

"புடிங்க. கை கடுக்குது."

"நின்னுக்கிட்டு வாங்கினா விழுந்துருவேன் வள்ளி."

"அப்ப உக்காந்து வாங்குங்க."

டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். குழந்தையை வாங்கினார். அதுவரை அழுகை என்றால் என்னவென்று தெரியாத மாதிரி இருந்த மனிதர், அது அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்ததும் உடைந்துவிட்டார். பழனி ரயில் ஊதியது. நல்லுசாமி அண்ணன், "வண்டி, வண்டி" என்றார். யாரும் நகரவில்லை. அது போய்விட்டது.

எல்லோரையும் நம் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மாமி முதல்நாளே சொல்லிவிட்டார்கள், அந்தப் பிள்ளை வேண்டுதலில் இருக்கிறது, வீட்டில் கறி வாடை வரக் கூடாது என்று. புதுச்சட்டியில் பருப்பும் கத்தரிக்காய் வெஞ்சனமும் வைத்தோம். சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு முகம் தெளிந்து, பேச ஆரம்பித்தார். உங்களுக்கு அவர் வாயைப் பற்றித் தெரியுமே. ஆலங்கட்டி மழையைச் சொன்னார். நீங்கள் நோன்போடு தட்டைப் பிடித்துக்கொண்டு பாவமாக நின்றதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அடைமழை, பிறகு மறுநாள் காலை. அங்கே வந்ததும் பேச்சு நின்றது. நல்லுசாமி அண்ணன் பேச்சை மாற்ற, மாட்டைப் பற்றி ஏதோ தொடங்கினார்.

"சொல்லுங்க" என்றாள் வள்ளி.

அவர் சொன்னார். குவளையில் மொண்டது, உங்களைக் கூப்பிட்டது, திரும்பியது, சத்தம், எல்லாம். எதையும் விடவில்லை. மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் தூங்குகிற குழந்தையை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, வள்ளி கேட்டாள்:

"அந்தத் தண்ணி நல்லா இருந்துச்சுங்களா?"

அவர் அவளையே பார்த்தார். இதை யாருமே அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

"எளனி மாதிரி இருந்துச்சு வள்ளி" என்றார்.

உங்கள் வரவுக்காக துஆவோடு காத்திருக்கும்
அஜீஸுன்னிசா